கழுவாத கல்

நூற்றிருபது மணி நேரம். அவள் கணவர் அப்படிச் சொல்லவில்லை. இடது கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். ஐந்து நாள் என்று அர்த்தம். அதை மணிக்கணக்காக மாற்றிக்கொண்டது அவள். ஐந்து நாள் என்றால் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. நூற்றிருபது மணி என்றால் நடுவில் எங்காவது மூச்சு விட இடம் இருக்கும் போலிருந்தது.

காலையில் வரும் ஃபிசியோ பெண் அவருடைய வலது காலை மடக்கி நீட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை சாரை வெளியில கூட்டிட்டுப் போகலாம்க்கா. சக்கர நாற்காலியில, கொஞ்ச நேரம். காத்து பட்டா நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கவாதம் வந்து படுத்த மூன்று மாதத்தில் அவர் முகத்தின் இரண்டு பாதியும் சேர்ந்து சிரித்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். வலது பாதி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. உடனே தம்பியைக் கூப்பிடச் சொன்னார். அவன் வந்ததும் அலமாரியின் மேல்தட்டில் இருந்த தகர டப்பாவைக் காட்டினார்.

"சாயம்," என்றார். "இன்னிக்கு. ஊத்து." பிறகு அந்த ஐந்து விரல்கள். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அவளுடைய கொழுந்தனுக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. குடியிருப்பின் அறுபது வீட்டுக் கழிவுநீரும், அதைச் சுத்தம் செய்ய அவர் கட்டிய நாணல் படுகைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர ஐந்து நாள் ஆகும். இன்று நுழைகிற தொட்டியில் பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டால், அது கல்லுக்கும் வேருக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் ஊர்ந்து, ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியில் போய்ச் சேரும் நேரத்துக்கு மறுமுனைக் குழாயில் எட்டிப் பார்க்கும். தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடாமல் படுகை முழுக்கச் சுற்றி வருகிறதா என்று தெரிந்துகொள்ள வருஷத்துக்கு ஒருமுறை அவர் செய்கிற சோதனை அது.

"சரிண்ணே, செஞ்சிடறேன்," என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கொழுந்தன் சமையலறைக்கு வந்தான். அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அவன் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் மெதுவாகக் கேட்டான்.

"எங்க அண்ணி ஊத்துறது? கார் மேலயா?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். படுகை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் லாரி லாரியாக மண் கொட்டி, உருளை விட்டு அழுத்தி, மேலே தார் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்துவிட்டார்கள். குடியிருப்பில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். தெரியாதது கட்டியவருக்கு மட்டும்தான்.

பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை. பள்ளம் தோண்டி, அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சரளைக்கல் நிரப்பி, நாணல் நட்டது. தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே போய்விடும். மேலே செருப்பில்லாமல் நடந்தால்கூடக் கால் நனையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பூங்கா என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டாம் நம்பர் வீட்டு அம்மா ஒருவர் தினமும் அதன் ஓரமாக நடந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நல்ல காற்று என்று மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்த அன்றோடு நிறுத்திவிட்டார். அவருக்கு அதைச் சொன்னது இவர்தான், பெருமையாக.

கல்யாணமான புதிதில் இவளையும் அங்கேதான் கூட்டிப்போனார். ஒரு கல்லை எடுத்து அவள் கையில் வைத்தார். அது வழுவழுவென்று இருந்தது, மீனைத் தொட்டது போல. அவள் உதறப்போனாள். "உதறாத. இதுதான் வேலை செய்யுது," என்றார். கல்லின் மேல் படிந்திருக்கும் அந்த வழுவழுப்புக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள் இருக்கின்றன, அறுபது வீட்டு அழுக்கையும் அவைதான் தின்கின்றன, நாணல் தன் வேர் வழியாக அவற்றுக்கு மூச்சு அனுப்புகிறது, இதற்கு மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று ஒரு மணி நேரம் பேசினார். அன்று அவர்கள் சினிமாவுக்குக் கிளம்பியிருந்தார்கள். முதல் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து அவள் படுகைக்கு வைத்த பெயர் சக்களத்தி.

"சக்களத்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சா? கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க."

"அவ உன்ன மாதிரி இல்ல. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுவா."

"அப்ப அவளையே சோறு போடச் சொல்லுங்க."

இப்படியே பதினாறு வருஷம். நடுவில் சில நாட்களில் அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. விடுமுறைக்கு எங்கும் போக முடியாது. படுகையை யார் பார்ப்பது? காய்ச்சல் என்று அவள் படுத்தால் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, படுகையின் வெளித்தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போய்விடுவார். ஒரு மழைநாளில், அது இல்லாமல் போனால் என்ன என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒரே ஒரு முறைதான். நினைத்ததெல்லாம் நடக்கிற ராசி தனக்கு இல்லை என்று அப்போது தைரியமாக இருந்தாள்.

அவர் விழுந்ததும் அங்கேதான், வெளித்தொட்டியின் ஓரத்தில். காவலாளி பார்த்துத் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் யாரோ எங்கே விழுந்தார் என்று கேட்டபோது, "வேற எங்க, சக்களத்தி மடியிலதான்," என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அழுதாள்.

டாக்டர், பேச்சு வரும், கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார். வந்தது. ஆனால் துண்டு துண்டாக வந்தது. வா, எடு, ஊத்து, தண்ணி. சொல்லின் தலை வந்தது, வால் வரவில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலையை எப்படி ஆட்டுவது என்பதே முதல் மாதத்தில் அவருக்குக் குழம்பிப் போயிருந்தது. பசிக்கிறதா என்றால் இல்லை என்று ஆட்டிவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த முதல் மாதத்தில்தான் அது நடந்தது. கொழுந்தன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அண்ணன் படுத்ததும் படுகையைத் தானாகவே கையில் எடுத்துக்கொண்டான். அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பது அவனுக்கே தெரியும். அதனால் எதையும் அண்ணனைக் கேட்டுத்தான் செய்தான். ஒரு நாள் வேன் சாவியைக்கூடப் பையில் போடாமல் ஆஸ்பத்திரிக்கு வேகமாக வந்தான். கல்லுக்கு மேலே தண்ணீர் தேங்குகிறது, லேசாக நாற்றம் வருகிறது, ஆட்கள் சத்தம் போடுகிறார்கள் என்றான்.

"கல்லுல பூரா கொழகொழன்னு ஒட்டிக்கிட்டிருக்குண்ணே. கிளறிக் கழுவிடட்டுமா?"

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். கண் பெரிதானது. "கல்லு," என்றார். "கழுவு." மறுபடியும், "கழுவு! கழுவு!" இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார். நர்ஸ் ஓடிவந்து, நோயாளியை இப்படிப் பேசவைக்கலாமா என்று இருவரையும் திட்டினாள்.

"எவ்வளவு தவிக்கிறார் பாருங்க அண்ணி," என்று வராந்தாவில் கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கே முடிச்சிடறேன்."

முடித்துவிட்டான். இரண்டு ஆளை வைத்து, பம்பு வாடகைக்கு எடுத்து, கல்லையெல்லாம் கிளறி, தண்ணீர் பீய்ச்சி, போதாததற்கு மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினான். கைத்தோல் உரிந்துபோய் வந்து நின்றான். "கோழிமுட்டை மாதிரி வெளுத்துட்டேன் அண்ணி. தட்டுல வெச்சுச் சாப்பிடலாம்." நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று அவள் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

இரண்டு வாரத்தில் நாணல் நுனியிலிருந்து பழுக்க ஆரம்பித்தது. தின்ன ஆளில்லாமல் அறுபது வீட்டு அழுக்கும் கல்லுக்குள் அப்படியே கிடந்து அழுகியது. எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சாலையில் புதிய சாக்கடைக் குழாய் வந்திருந்தது. குடியிருப்புச் சங்கம் கூடியது. கடைசி வரிசையில் அவளும் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, படுகையை மூடுவதற்குக் கையைத் தூக்கினார்கள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கேட்டார்: "தண்ணி?" குடிக்கவில்லை. பார்க்க. நல்ல நாளில் தினமும் ஒரு பாட்டிலில் வெளித்தொட்டித் தண்ணீரைப் பிடித்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். டாக்டரோ, அதிர்ச்சி எதுவும் கூடாது, ரத்த அழுத்தம் ஏறினால் இன்னொரு தடவை தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொழுந்தன் மாடிக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் வெளிச்சத்தில் பார்த்தார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். "குழாய்," என்று திருப்பிக் கொடுத்தார்.

"ஐயோ, பாட்டில் மாறிப்போச்சுண்ணே."

படுகைத் தண்ணீர் ஒருபோதும் பளிங்காக வராது. வேர்கள் அழுகி அழுகி அதில் ஒரு மங்கலான பழுப்பு இறங்கியிருக்கும், யாரோ மிகவும் லேசான டீயை இன்னும் லேசாக்கியது போல. அது அவளுக்குத் தெரியும், பதினாறு வருஷம் ஜன்னலில் பார்த்தது. அடுத்த நாள் ஆறவைத்த தண்ணீரில் டீ டிகாஷனைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். வாசனைக்குப் பூந்தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை ஈரமண். அவள் ஊற்ற, அவன் வெளிச்சத்தில் பிடித்து நிறம் சொன்னான்.

"சக்கரை போடவா அண்ணி?"

"வாய மூடு தம்பி. சொட்டு எண்ணிக்கிட்டிருக்கேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் விளிம்பில் வைத்து, "நல்லா," என்றார். ஒரு நாள் என்று ஆரம்பித்தது, தினப்படியாகிவிட்டது. பாலுக்கு முன்னால் அடுப்பில் ஏறுவது அந்தத் தண்ணீர்தான்.

இது வரைக்கும்கூட அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். மூடிவிட்டார்கள், சொல்ல வேண்டும், உடம்பு தேறட்டும், சொல்லலாம். அப்படித்தான் நினைத்திருந்தாள். பத்து நாளைக்கு முன் ஒரு சாயங்காலம் அவர் அறையில் விளக்கை அணைக்கப் போனபோது அவர், "அணை," என்றார். அணைத்தாள். "அணை! அணை!" என்று கட்டிலை அடித்தார். பயந்து மறுபடி போட்டாள். அமைதியானார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கஞ்சி ஊற்றும்போது, கிண்ணத்தை இடது கையால் இறுக மூடிக்கொண்டு, "ஊத்து," என்றார். கை போதும் என்கிறது, வாய் ஊற்று என்கிறது. கரண்டியைப் பிடித்தபடி அவள் நின்றாள். அணைக்காதே. ஊத்தாதே. வேண்டாம் என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருந்தது. அந்த வால்தான் அவரிடம் இல்லை.

கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். கட்டில் கம்பியை அடித்த அந்தக் கை. கல்லு. கழுவு. கழுவு, கழுவு. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் உதறாத என்று சொல்லிக் கையில் வைத்த கல்லை அவள் தொட்டிருக்கிறாள். கொழுந்தன் கையில் அவர் அப்படி எதையும் வைத்ததில்லை. அந்த அறையில் அன்று நின்ற இரண்டு பேரில், அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லவே மாட்டார் என்று தெரிந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்தனிடம் சொன்னால் அவன் உடைந்துபோவான். கணவரிடம் சொன்னால், தன் வாயாலேயே அதைக் கொன்றுவிட்டோம் என்று தெரிந்துகொண்டு, அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் எப்படி இனிமேல் பேசப் பழகுவார்?

புதன்கிழமை காலை அவர் நான்கு விரலைக் காட்டினார். பிறகு அவளை அருகே கூப்பிட்டு, போர்வை விரிந்திருந்த தன் மடியில் விரலால் ஒரு நீள்சதுரம் வரைந்தார். இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே. சாயம் இப்போது எங்கே இருக்கும் என்று ஒரு இடத்தில் விரலை ஊன்றினார். "இங்க." நாணலின் முதல் வரிசை தாண்டி. வியாழக்கிழமை அந்த விரல் நடுவுக்கு வந்தது. அவள் போர்வையை மாற்றும்போதுகூட, அங்கே ஏதோ சிந்திவிடும் போல, ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்கினாள்.

டப்பா கொழுந்தனின் வேனில் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அங்கே போனாள். கோடுகளுக்கு நடுவே கார்கள் ஒழுங்காக நின்றன. ஒருவர் வாளியும் துணியுமாகத் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரை தாரின் மேல் வழிந்து, எங்கே போவது என்று தெரியாமல் ஒரு பள்ளத்தில் நின்றது. சங்கச் செயலாளர் அவளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாங்கம்மா. சார் எப்படி இருக்கார்?"

"தேறிட்டு வர்றார். ஞாயித்துக்கிழமை இங்க கூட்டிட்டு வரணும்."

"இங்கயா? எதுக்கு?"

"படுகையப் பாக்க."

அவர் தன் காலைப் பார்த்தார். கால் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. மெதுவாக எடுத்துத் தள்ளி வைத்தார். "இன்னும் சொல்லலையாம்மா?" என்றார். பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். "நாங்க என்ன பண்றது சொல்லுங்க. சாப்பிட உக்காந்தா நாத்தமும் பக்கத்துல வந்து உக்காருது. என் பேத்தி ரெண்டு நாள் சாப்பிடல. சார் மேல எங்களுக்கு என்ன கோவம்?" கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு பண்ணலாம். ஒரு நாளைக்கு எல்லாரையும் வண்டிய எடுக்கச் சொல்லிட்டு, சுத்தி ஆளுயரத்துக்குத் தகரம் அடிச்சுத் தரேன். உள்ள ரிப்பேர் நடக்குது, போக முடியாதுன்னு சொல்லிடுங்க. என் செலவு," என்றார்.

நல்ல மனிதர். அதுதான் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் அவரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். தகரத்துக்குப் பின்னால் நாணலின் நுனிகூடத் தெரியாதே என்று அவள் நினைத்தாள். காற்றில் அந்தச் சலசலப்பு இருக்காது. அவர் சக்கர நாற்காலியிலிருந்து காதைச் சாய்த்துக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஃபிசியோ பெண்ணை வாசல்வரை போய் வழியனுப்பும் சாக்கில் கேட்டாள். "ஞாயித்துக்கிழமையக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா?"

"ஏன்க்கா? இந்த வாரம் பாத்தீங்கல்ல, நான் தொடாமலே கால் எழும்புது. எத்தனை நாளாக் கத்திக்கிட்டிருந்தேன், எழும்புச்சா? அந்த ஞாயித்துக்கிழமைதான் சாருக்கு இப்ப மருந்து." அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "யாருக்கா அங்க இருக்காங்க? அப்படித் துடிக்கிறாரு."

"என் சக்களத்தி," என்றாள் இவள். அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் படியிறங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் துணி காயப்போட மாடிக்கு வந்தபோது கீழே கொழுந்தன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குழாயை நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறி வந்தான். முன்னால் இப்படி ஏறி வந்தால் ஏதாவது கிண்டல் செய்வான். இன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அண்ணி, நாளைக்கு நானே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"நடந்தத. அண்ணன் கழுவச் சொன்னாரு, நான் கழுவினேன். நீங்களும் பக்கத்துல இருந்தீங்க. நானா என் இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்யலையே?"

"இல்ல."

"சொன்னவங்களுக்கும் ஒருவாட்டி தப்பாகும்ல? உடம்பு சரியில்லாத நேரம், ஏதோ சொல்லிட்டாரு. அவர் ஒத்துக்குவாரு அண்ணி. அண்ணன் நியாயமான ஆளு. நீ சொன்னதத்தானே செஞ்சேன்னு நான் கேப்பேன். ஆமாடான்னு அவர் ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். எனக்குத் தூக்கமே இல்ல."

அவன் கையைப் பார்த்தாள். உரிந்த தோல் ஆறி, விரலிடுக்கில் மட்டும் இன்னும் ரோஸ் நிறமாக இருந்தது. அவன் கேட்பது சின்ன விஷயம். அதைக் கொடுத்தால், அவர் தம்பியின் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு கட்டிலில் எப்படிப் படுத்திருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. நீ சொன்னதைத்தானே. அவர் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். அவர் கழுவாதே என்றார். வாய்க்குள் அது முழுதாகத்தான் இருந்திருக்கும்.

"நான் சொல்றேன்," என்றாள். "நீ வாயே திறக்காத, தம்பி." அவருக்கு வராத அந்தக் கடைசி எழுத்துகள் தன் வாயில் எவ்வளவு சுலபமாக வந்து விழுகின்றன என்று அவளுக்குக் கூசியது.

அவன் போன பிறகு துணியை உதறி உதறி மாட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். உங்கள் தம்பி கழுவிவிட்டான். அப்படிச் சொன்னால் அவர் அவனை மன்னிக்க மாட்டார், அவனும் சும்மா இருக்க மாட்டான், நீதானே சொன்னாய் என்று வந்துவிடும். நீங்கள் சொன்னீர்கள், எங்களுக்குத் தப்பாகக் கேட்டது. அதைச் சொல்ல அவள் நாக்கு எழவில்லை. நான்தான் கழுவச் சொன்னேன். அவர் நம்புவார். பதினாறு வருஷம் சக்களத்தி என்று திட்டியவள் சொன்னால் நம்பாமல் என்ன? ஆனால் கொழுந்தன் ஒரு நிமிஷம்கூட அதை நிற்க விடமாட்டான். மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தாள். கொடி நிறைந்துவிட்டது. துணி தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் விடியும் முன்பே விழித்திருந்தார். போர்வையில் வரைந்த படுகையின் மறு ஓரத்தில், குழாய் இருக்கும் இடத்தில், விரல் இருந்தது. "வா," என்றார் அவளிடம். பிறகு சட்டையைக் காட்டினார். கோடு போட்ட சட்டை, வேலைக்குப் போடுவது. அது வேண்டாம், பொத்தான் போட கஷ்டம் என்று அவள் வேறொன்றை எடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் கோடு போட்டதையே எடுத்து வந்தாள்.

மாட்டும்போது சோர்ந்த கையை முதலில் விட வேண்டும். நல்ல கை தானே வழி பார்த்துக்கொள்ளும். ஃபிசியோ பெண் சொல்லிக்கொடுத்தது. கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, அவர் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்துச் சட்டைக்கைக்குள் நுழைத்தாள். அந்தக் கை குழந்தையைப் போல வந்தது. முழங்கை தாண்டி, தோள்வரை இழுத்துவிட்டாள். அவருடைய பின்கழுத்தில் சோப்பு வாசனை. முடி வெட்டியிருக்கலாம் என்று நினைத்தாள். எத்தனை நாளானாலும் செய்யாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

கீழே வேனின் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. நாற்காலியை உள்ளே ஏற்றுகிறான். பிறகு கதவை அறைந்து சாத்துகிறான். பிறகு படியில் செருப்புச் சத்தம், இரண்டிரண்டு படியாக. அவன் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நேற்று மாடியிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான், அவ்வளவுதான்.

அவர் இடது கையைத் தானாகவே பின்னால் நீட்டினார், அடுத்த சட்டைக்கைக்காக.

"படுகை இல்லைங்க," என்றாள் அவர் பின்கழுத்தைப் பார்த்து. "மண்ணப் போட்டு மூடிட்டாங்க. மூணு வாரம் ஆச்சு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"ஏன்?" என்றார். முழுதாக, தெளிவாக வந்தது.

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாளில் கொழுந்தனின் கை பட்டது.

"கல்லக் கழுவிட்டோங்க."

சட்டையின் இடது பக்கம் அவர் முதுகில் காலியாகத் தொங்கியது. பின்னால் நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை. விரல்கள் கொஞ்சம் விரிந்து, துணி இருக்க வேண்டிய இடத்தில், எதையும் பிடிக்காமல் நின்றன.